பர்மா முனையிலிருந்து வந்த கடிதம்: படிக்க உதவுங்கள்

வணக்கம். என் கொள்ளுத் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்தவர், ஊர் வேலூர் பக்கம். 1944-ல் பர்மா முனையில் மலேரியா வந்து படுத்திருந்தபோது கொள்ளுப் பாட்டிக்கு எழுதிய கடிதம் ஒன்று தகரப் பெட்டியில் கிடைத்தது. பென்சில் எழுத்து. மடிப்பு விழுந்த இடமெல்லாம் அழிந்துவிட்டது. தெரிந்தவரை:

"மாத்திரை தின்னு மேலெல்லாம் மஞ்சளாயிட்டுது. காமாலைன்னு பயப்படாதே. செவலை கன்னு போட்டுதா?"

அது மெப்பாக்ரின் மாத்திரை. மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் பெரும்பாலும் ஜாவாவிலிருந்துதான் வந்தது. 1942-ல் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றுபோய் இதைத்தான் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். தோல் மஞ்சளாவது அதன் குணம். (பாட்டி நம்பவில்லை போல. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம்.)

எந்த இடம் என்று எழுதவில்லை, எழுத விடவும் மாட்டார்கள். களத் தபால் முத்திரையில் எண் மட்டும்தான், அதிலும் கடைசி இலக்கம் மங்கல். அந்த எண்ணை வைத்து இடம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? மங்கிய பென்சில் எழுத்தைத் தாளுக்குக் கேடில்லாமல் ஸ்கேன் பண்ணி மேலெடுக்க வழி உண்டா? ஒருத்தர் எலுமிச்சைச் சாறு தடவச் சொன்னார், எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்பவர்களுக்குப் படம் அனுப்புகிறேன்.