மறு: சூட்டில் நிறமி நிலைப்பதற்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம். உணவிலுள்ள நிறமி (நிறம் தரும் பொருள்) சூட்டில் எவ்வளவு நிலைத்து நிற்கிறது என்பதைக் குறிக்கும் கலைச்சொல் பற்றிக் கேட்டிருந்தீர்கள்:

> ‘வெப்பநிலைத்தன்மை’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது என்பேன். சேர்த்து எழுதினால் ‘வெப்பநிலை’தான் முதலில் கண்ணில் படும், மாணவர் அதை வெப்பநிலையின் தன்மை என்றே படிப்பார். நம் மடலாடலில் பங்குகொள்ளும் அம்மையார் தந்த ‘வெப்பந்தாங்குதிறன்’ தெளிவான சொல். ஆனால் தாங்கும், தாங்காது என இரண்டே நிலை உள்ளதுபோல் ஒலிக்கிறது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், புளிப்பு உண்டா, காற்று பட்டதா என எல்லாம் சேர்ந்துதான் நிறமியின் கதியைத் தீர்மானிக்கின்றன.

எங்கள் சேலத்தில் ஜவ்வரிசி வத்தலுக்குப் பீட்ரூட் சாறு சேர்ப்பதுண்டு. கொதிக்கிற கஞ்சியில் ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் சிவப்பு மங்கி, மஞ்சளும் பழுப்புமாகிவிடும். இறக்கிவைத்து, சூடு தணிந்தபின் எலுமிச்சைச் சாற்றோடு கலந்தால் நிறம் நன்றாக நிற்கும். பெட்டானின் என்ற அந்தச் சிவப்பு நிறமி சூட்டில் நீரோடு வினைபுரிந்து இரண்டாகப் பிரிகிறது: ஒன்று மஞ்சள் நிறப் பெட்டலாமிக் அமிலம், மற்றது நிறமற்றது. ஆறவிட்டால், லேசான புளிப்பில், இவற்றில் ஒரு பங்கு மீண்டும் கூடிச் சிவப்பு ஓரளவு திரும்புகிறது. திரும்பி வரக்கூடியதை ‘சிதைவு’ என்று முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கீரையில் நடப்பது வேறு. புளி விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சையம் தன் மக்னீசியத்தை இழந்து பியோஃபைட்டின் என்ற வேறொரு நிறமியாகிறது. நிறம் போவதில்லை, பழுப்புப் பச்சையாக மாறுகிறது.

ஆகவே என் முன்மொழிவு ‘நிறநிலைப்பு’. முன்னால் காரணியைச் சேர்த்துக்கொள்ளலாம்: வெப்ப நிறநிலைப்பு, ஒளி நிறநிலைப்பு. மஞ்சளிலுள்ள குர்குமின் சமையல் சூட்டுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும், வெயிலில் வெளுத்துவிடும். இதை ஒரே வரியில் சொல்ல இந்த அமைப்பு உதவும். பீட்ரூட்டில் நடப்பது நிறமிழப்பு, கீரையில் நடப்பது நிறத்திரிபு.

---

அன்புள்ள நண்பருக்கு,

நிறத்திரிபு அருமை. நிறநிலைப்புக்குப் பதிலாக ஒன்று: சேலம் அம்மாபேட்டைத் தறிப்பக்கம் ‘கெட்டிச் சாயம்’ என்பார்கள். ‘நிறக்கெட்டி’ என்றால் என்ன? மக்கள் வாயில் உள்ள சொல்லாயிற்றே.

---

அம்மா,

கெட்டிச் சாயம் என்றால் துணியை விட்டுப் போகாத சாயம். அங்கே பேச்சு, சாயம் நூலைப் பற்றியிருப்பது பற்றி. இங்கே நிறமியின் மூலக்கூறே உருமாறுகிறது. துணிக்கு அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். உணவுக்கு நிறநிலைப்பு என்றே எழுதலாம். அட்டவணையில் நிறமி பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு ‘நிற அரைவாழ்வு’ என்று தலைப்பிடலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.