மாணவன் அடித்ததில் கை முறிவு: மெடிக்கல் லீவ்தான் போடணுமா?

பிஇடி டீச்சர், குடியாத்தம் பக்கம்

அரசு மேல்நிலைப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியை நான். போன மாசம் பிளஸ் ஒன் பசங்க ரெண்டு பேர் கிரவுண்டுல கட்டிப் புரண்டாங்க. விலக்கிவிட்டேன். ஒருத்தன் போய் ஸ்டம்பைப் பிடுங்கிட்டு வந்து, "நீ இன்னா கேக்கறது"ன்னு என்னையே அடிச்சான். தடுத்த கை போச்சு. இடது மணிக்கட்டு. குடியாத்தம் ஜி.எச்.ல கட்டு போட்டு அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, அங்க பிளேட் வச்சாங்க. இன்னும் விரல் சரியா மடங்கல. தலை பின்னிக்கக்கூட பொண்ணைத்தான் கூப்பிடறேன்.

ஆஸ்பத்திரி போற வழியிலேயே எச்.எம். போன் பண்ணி, "தவறி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்கம்மா, பையன் வாழ்க்கை"ன்னாரு. அவன் அம்மா பீடி சுத்தி அவனைப் படிக்க வைக்கறாங்க, எனக்குத் தெரியாதா? ஆனா டூட்டி டாக்டர் கேட்டப்ப நடந்ததைத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவேட்டு நகல்ல, அதான் ஏ.ஆர். காப்பியில, 'தெரிந்த நபர் ஒருவர் கட்டையால் தாக்கியதாக'ன்னு எழுதியிருக்கு.

இப்ப ஆபீஸ்ல மெடிக்கல் லீவ் லெட்டர் கேக்கறாங்க. வேலை பார்க்கும்போது வாங்கின அடிக்கு என் லீவ் எதுக்குக் கரையணும்? இதுக்குன்னு தனி லீவ் உண்டா? போலீஸ்ல எழுதிக் கொடுத்தாதான் கிடைக்குமா? அவனைக் கேஸ்ல மாட்டிவிட மனசில்ல.

ரிட்டயர்டு சூப்பரிண்டண்டு, வேலூர்

உண்டும்மா. அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 83, ஸ்பெஷல் டிசெபிலிட்டி லீவ், அதாவது சிறப்பு இயலாமை விடுப்பு. கடமையைச் செய்யும்போதோ, அரசுப் பதவியில இருக்கற காரணத்தாலோ ஒருத்தர் வேணும்னே காயப்படுத்தினா அந்த விதி. தற்செயலா பட்ட காயத்துக்கு 83-ஏ தனியா இருக்கு. உங்க எச்.எம். சொல்லச் சொன்னது அந்தக் கணக்குல போயிருக்கும், அதுக்கு நிபந்தனையும் அதிகம். ஏ.ஆர். காப்பியை நாலஞ்சு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க.

மெடிக்கல் போர்டு எவ்வளவு நாள் தேவைன்னு சான்று தருதோ அவ்வளவு நாள். உச்சம் 24 மாசம். முதல் நாலு மாசம் முழுச் சம்பளம், அதுக்கு மேல அரைச் சம்பளம். லீவ் கணக்குல கழிக்க மாட்டாங்க, பென்ஷனுக்கும் சேரும். மெடிக்கல் லீவ் மொத்த சர்வீஸுக்கே 540 நாள்தான், அதுவும் சர்வீஸ் ஏற ஏறத்தான் முழுசா கிடைக்கும். அதை இப்பவே கரைச்சா பின்னால நோய்நொடின்னு வரும்போது என்ன பண்ணுவீங்க?

ஒண்ணு முக்கியம். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள இயலாமை தெரிஞ்சிருக்கணும், நீங்களும் தாமதிக்காம ஆபீஸுக்குத் தெரியப்படுத்தியிருக்கணும். அதனால வாய்ப்பேச்சு வேண்டாம். எச்.எம்.க்கு எழுத்துல கொடுங்க, மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.), முதன்மைக் கல்வி அலுவலருக்கு (சி.இ.ஓ.) நகல் போடுங்க. தபால் பதிவேட்டுல பதிஞ்சு நம்பர் வாங்காம அந்த இடத்தை விட்டு நகராதீங்க.

2019ல மாவட்டம் மூணா பிரியறதுக்கு முன்னாடி அரக்கோணத்துல இருந்து வாணியம்பாடி வரைக்கும் எல்லா பைலும் வேலூருக்குத்தான் வரும். இந்த லீவ் கேட்டு வந்த பைல் அபூர்வம். கிளார்க்குங்களுக்கே தெரியாது, "அப்படி ஒண்ணும் இல்லை"ன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. விதி நம்பரை எழுதியே கேளுங்க.

மெட்ரிக் டீச்சர், காட்பாடி

எங்களுக்கெல்லாம் எந்த விதி சார்? பேரன்ட் சட்டையைப் பிடிச்சாலும் மறுநாள் வரலைன்னா சம்பளம் கட்.

ரிட்டயர்டு சூப்பரிண்டண்டு, வேலூர்

இ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் காப்பீடு, பிடிக்கறாங்களான்னு சம்பளச் சீட்டைப் பாருங்க தம்பி. தமிழ்நாட்டுல தனியார் பள்ளிக்கும் அது உண்டு, 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு. வேலை நிமித்தமான காயம்னா, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஊதியத்துல 90 சதவீதம் கிடைக்கும். ஆனா ஸ்கூல்ல இருந்து விபத்து ரிப்போர்ட் போகணும். அங்கதான் இழுப்பாங்க.

பிஇடி டீச்சர், குடியாத்தம் பக்கம்

ஐயா, ரொம்ப நன்றி. போலீஸ் விஷயம் மட்டும் சொல்லுங்க.

ரிட்டயர்டு சூப்பரிண்டண்டு, வேலூர்

83ல எஃப்.ஐ.ஆர். வேணும்னு இல்லைம்மா. ஆபீஸ்ல ஆதாரம் கேப்பாங்க. ஏ.ஆர். காப்பி, எச்.எம். அறிக்கை, கிரவுண்டுல இருந்த இன்னொரு டீச்சர் எழுதிக் கொடுக்கறது, இது மூணும் இருந்தா பேசலாம்.

அப்படியே போலீஸுக்குப் போனாலும் நீங்க பயப்படற மாதிரி இல்ல. 18 வயசுக்குக் கீழ இருக்கற பையன். குறைஞ்சபட்சத் தண்டனையே ஏழு வருஷம்னு இருக்கற கொடுங்குற்றமா இருந்தாலோ, பெரியவங்களோட சேர்ந்து செஞ்சிருந்தாலோதான் எஃப்.ஐ.ஆர். இல்லேன்னா ஸ்டேஷன் டைரியில பதிஞ்சு, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை அனுப்புவாங்க. உங்க எச்.எம்.மும் இதைத் தெரிஞ்சுக்கிட்டா அந்தப் போனுக்கே அவசியம் இருந்திருக்காது.

ஆணை மேல இருந்து வர நாளாகும். அதுவரைக்கும் சம்பளம் நிக்காம இருக்க மெடிக்கல் லீவ் கொடுத்தாலும், 'விதி 83-ன் கீழ் ஆணை வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டி'ன்னு அந்த லெட்டர்லயே எழுதிடுங்க. போர்டுக்குப் போகும்போது பிளேட் வைக்கறதுக்கு முன்னால எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டு போங்க.