காடு கடந்து வந்த சுவாமியாரும் காத்திருந்த அண்ணாவிமாரும்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

தை மாதம் 16ஆம் திகதி ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் இலங்கையில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருவான புனித யோசவ்வாஸ் (ஜோசப் வாஸ்) அடிகளாரின் திருநாள் வருகிறது. அதையொட்டி நம்முடைய மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கண்டியில் மழை பெய்வித்த அற்புதத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். வன்னியில் பிறந்த எனக்கு அந்த அற்புதத்தைவிட அவருடைய நடைதான் பெரிதாகப் படுகிறது. சாலையோ சத்திரமோ இல்லாத காட்டில், காய்ச்சலுக்கும் யானைக்கும் நடுவே, கையில் பூசைக்கு வேண்டிய சில பொருட்களோடு ஊர் ஊராகப் போன ஒரு மனிதரின் அன்றாட வாழ்வு எப்படியிருந்திருக்கும் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அவர் கோவாவில் 1651இல் பிறந்தவர். 1687இல், யுவான் என்ற தம் பணியாளரோடு, கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவானவராக வெளிப்படையாக வர வழியிருக்கவில்லை. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658இலேயே கட்டளை பிறப்பித்திருந்தனர். வந்த சில நாட்களிலேயே கடும் வயிற்றோட்டத்தில் விழுந்து சாகக் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் பெரிய செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவர்களே தாம் தேடிவந்தவர்கள் என்று அறிந்துகொண்டார். பிறகு சில்லாலையில் தங்கி, இருட்டிய பின்னரே பூசையும் பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை கேட்டு மன்னிப்பு வழங்குதல்) நடத்தி, விடியுமுன் இடம் மாறுவது அவர் வழக்கமாயிற்று. வலை நெருங்கியபோது புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்து, ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையிருந்தார். பின்னாளில் கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவு கிடைத்ததால், கண்டி அரசின் எல்லைகளுக்குள் தடையின்றி நடமாடவும் வன்னிப்பக்கம் வரவும் அவரால் முடிந்தது.

அவர் இங்கு வருவதற்கு முன்பே நம் காட்டில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் மருதமடு (இன்றைய மடு) காட்டுக்குள் புகுந்தன என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு. ஏன் காடு? ஒல்லாந்தரின் கோட்டைகளும் படையும் கரையோரத்தில் இருந்தன. உள்நாட்டில் வன்னியர்கள் என்ற சிற்றரசர்களிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெறுவதற்கு மேல் அவர்கள் கை எளிதில் நீளவில்லை. ஆகவே இந்த எல்லைநிலம் ஓடிவந்தவர்களுக்குப் புகலிடமாயிற்று. ஆனால் பல ஆண்டுகள் அவர்களுக்குக் குருவானவர் கிடையாது. பூசையில்லாமல், பாவசங்கீர்த்தனமில்லாமல், சாகும் தறுவாயில் இருந்தவருக்கு அவஸ்தைப்பூசுதல் என்னும் எண்ணெய்ப்பூசுதல் இல்லாமல் அவர்கள் எப்படித் தம் விசுவாசத்தைக் காத்தார்கள்?

அங்கேதான் செபம் கற்பிக்கும் அண்ணாவியாரும் ஊர்க் கோயிலின் தலைவரான மூப்பரும் வருகிறார்கள். பிள்ளைக்குச் செபங்கள் சொல்லிக்கொடுத்தவர்களும், சாகும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர்களும், பிணத்துக்கு முன் நின்று செபம் சொல்லி மண்ணிட்டவர்களும் அவர்களே. சுவாமியார் ஓர் ஊரில் சில நாட்களே தங்குவார். மறுபடி வருவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். அந்த இடைவெளி முழுவதையும் எழுத்தில் பெயர் பதியாத இந்த ஊர்ப் பெரியவர்களே நிரப்பினார்கள். யோசவ்வாஸ் அடிகளாரின் பெருமைகளில் முதன்மையானது, தாம் போன பின்னும் நிலைத்து நிற்கக்கூடிய மனிதர்களை ஒவ்வோரூரிலும் விட்டுச் சென்றதே என்பது என் உறுதியான எண்ணம்.

இதை நான் நூல்களில் மட்டும் படித்து எழுதவில்லை. என் சிறுவயதில் நம் ஊருக்குச் சுவாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். குளக்கட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதை முதலில் காண்பவர்கள் மாடு மேய்க்கும் பொடியன்கள். அங்கியின் கீழ்விளிம்பு சேறாகி, முழங்கால் வரை சுருட்டிச் செருகப்பட்டிருக்கும். பின் கரியரில் பூசைப்பெட்டி கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். புளியமரத்தின் கீழ் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் தலையை மூடிய ஆச்சிமாரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பார். மற்ற மூன்று ஞாயிறுகளிலும் மணியடித்துச் செபம் சொன்னவர் கோயிற் பணியாளரான நம் சங்கிலித்தாமே. அந்த மணி வெடித்த மணி. அதன் ஓசை தகரத்தைத் தட்டுவது போலிருக்கும். ஆனாலும் வயலில் நின்றவர்கள் அதைக் கேட்டு மண்வெட்டியை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போடுவார்கள்.

2008 சித்திரையில் எறிகணைகளுக்கு நடுவே மடுமாதாவின் சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, 1670இன் ஓட்டம் மீண்டும் நடப்பதாகவே நம்மில் பலர் உணர்ந்தோம். அவ்வாண்டு ஆவணியில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. 2015 தை 14ஆம் திகதி காலையில் கொழும்பில் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து அங்கு கூடியிருந்தவர்களோடு செபித்தார்.

ஆதலால் மலரில் அடிகளாரின் படத்துக்கு அடுத்த பக்கத்தை நம் ஊரின் அண்ணாவிமார், மூப்பர்மார், சங்கிலித்தாம்மார் ஆகியோரின் பெயர்களுக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுபது வயது கடந்தவர்கள் நினைவிலுள்ள பெயர்களையும், யார் யாருக்குப் பின் வந்தார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதியனுப்புங்கள். எழுத முடியாதவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். இடம்பெயர்ந்தபோது அந்த வெடித்த மணியைக் கழற்றி எடுத்தவர் யார், அது எங்கே புதைக்கப்பட்டது அல்லது யார் வீட்டில் இருக்கிறது என்பது தெரிந்தவர்கள் அதையும் அறியத்தாருங்கள்.