ஆக்சிஜன் குறைந்த உலகம்: பதின்பருவ நாவலுக்குக் கணக்கு சரிபார்க்க உதவி வேண்டும்

மழைக்குருவி:
கதைச் சுருக்கம் இது. மரங்கள் அழிந்து 40 வருடத்தில் காற்றில் ஆக்சிஜன் 12 சதவீதமாகிவிடுகிறது. 16 வயது அக்காவும் 9 வயதுத் தம்பியும் ஒரே ஒரு பி டைப் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரோடு இரண்டு நாள் நடக்கிறார்கள். ராத்திரி தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள். சிலிண்டர் தீர்ந்ததும் தம்பி மூச்சுத் திணறி விழுகிறான். எதெல்லாம் இடிக்கிறது?

கருங்கல்:
முதல் வரியே இடிக்கிறது. வளிமண்டலத்தில் இருக்கும் ஆக்சிஜன் இருப்பு அவ்வளவு பெரியது. ஒளிச்சேர்க்கை மொத்தமாக நின்றாலும் இப்படி இறங்க லட்சக்கணக்கான வருடம் ஆகும். அதற்கு முன்பே எல்லோரும் பசியால் போய்விடுவார்கள்.

மூடிய நகரமாக வைத்தால் நம்பலாம். அரிசோனாவில் 1991இல் 8 பேரை உள்ளே வைத்து மூடிய பயோஸ்பியர் 2 என்ற ஆய்வு வளாகத்தில் நடந்தது இதுதான். வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் காரணம் பிடிபடத் தாமதமானது. 16 மாதத்தில் சுமார் 14 சதவீதத்துக்கு வந்து, 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

தீயை வெட்டிவிடுங்கள். 16 சதவீதத்தை ஒட்டியே மெழுகுவத்தி அணைந்துவிடும். லடாக்கின் உயரமான லே நகரில் அடுப்பு எரிகிறதே என்று கேட்பார்கள். அங்கே அழுத்தம்தான் குறைவு, விகிதம் அதே 20.9 சதவீதம். உங்கள் உலகில் அழுத்தம் அப்படியே இருக்கிறது, விகிதம்தான் குறைகிறது. நுரையீரலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, நெருப்புக்கு அப்படியில்லை.

அப்புறம், 12 சதவீதம் என்பது 4,000 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பது போல. தலைவலி, வாந்தி வரும், ஆனால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். சிலிண்டர் உயிர்ப்பிரச்சினை ஆக வேண்டுமானால் 8க்கு இறக்குங்கள். பழகாத உடம்புக்கு அங்கே 5 முதல் 10 நிமிடம்தான் புத்தி வேலை செய்யும்.

வால்வு:
பி டைப்பில் 1,500 லிட்டர் வாயு, எடை 15 கிலோ அளவில். ஆளுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் இருவருக்கும் சேர்த்து 6 மணி 15 நிமிடம், அவ்வளவுதான். மூக்குக் குழாயில் விட்டால் மூச்சை வெளிவிடும் நேரத்தில் வருவதெல்லாம் வீண். சேமிப்புப் பை உள்ள மாஸ்க் கொடுங்கள்.

இரண்டு நாள் வேண்டுமென்றால் மூடிய சுற்றுக் கருவிதான் வழி. வெளிவிட்ட மூச்சையே சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சுண்ணாம்புக் கலவை) வழியாகச் சுத்தம் செய்து திரும்ப உள்ளிழுப்பது. நடக்கும்போது உடம்பு செலவழிப்பது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவே. நடந்துகொண்டே இருந்தால் ஒரு சிலிண்டர் ஒருவருக்கு 25 மணி நேரம் வரும், ஓய்வில் செலவு குறைவதால் இரண்டு நாளுக்கு ஏறத்தாழ நீளும். ஆனால் ஒரு கிலோ சோடா லைம் சுமார் 2 மணி நேரம்தான் தாங்கும். எனவே சுமை சிலிண்டரில் இல்லை, சுண்ணாம்பில். ஆளுக்கு ஒரு சிலிண்டர், வழியில் இரண்டு மூன்று சுண்ணாம்புக் கிடங்கு என்று மாற்றினால் கணக்கு ஒத்துவரும்.

நீலாம்பல்:
தம்பி திணறக் கூடாது. மூச்சு முட்டுகிற தவிப்பைப் பெரும்பாலும் தூண்டுவது கார்பன் டை ஆக்சைடு. அது வெளியேறிக்கொண்டே இருந்து ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் தவிப்பு பெரிதாக வராது. சிரிப்பான், உளறுவான், உதடு நீலமாகும், முடிச்சுப் போட வராது, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே சரிவான். ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இதனால்தான். அக்காவுக்கும் அதே மந்தம் பிடித்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். அவள் எடுக்கும் முடிவுகளும் தப்பாகலாம்.

மழைக்குருவி:
அப்படியானால் தீயையும் திணறலையும் எடுத்துவிடுகிறேன். சுண்ணாம்பு தீர்ந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வால்வு:
மருத்துவமனைச் சோடா லைமில் சாயம் இருக்கும். தீரத் தீர வெள்ளை ஊதாவாகும். சிக்கல் என்னவென்றால், சில மணி நேரம் சும்மா வைத்தால் தீர்ந்துபோனதும் மறுபடி வெள்ளையாகத் தெரியும். கிடங்கில் கிடைக்கும் டப்பா வெள்ளையாக இருப்பதை நம்பி அக்கா மாட்டலாம். அங்கே திணறல் காட்சியை வையுங்கள், தலைவலியும் இரைப்பும் நிஜமாகவே வரும்.