நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தாமாகப் புத்தகம் எடுக்க வைப்பது எப்படி?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் பாடநூலைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். வினாவுக்குரிய விடையைப் பத்தியில் தேடி அடிக்கோடும் இட்டுவிடுகிறார்கள். ஆனால் பள்ளிக்கல்வித் துறையின் 'ஊஞ்சல்' சிறார் இதழோ, அத்துறையின் வாசிப்பு இயக்கம் தரும் சிறு நூல்களோ கைக்கு வந்தால், படங்களை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். படித்த ஒவ்வொரு கதைக்கும் சுருக்கமும், அதிலிருந்து கற்ற நீதியும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் நெடுநாளாக உள்ள வழக்கம். நூல்கள் தலைமையாசிரியர் அறையில் உள்ள பீரோவில் இருக்கின்றன. கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்பதற்குப் பிள்ளைகள் போவதில்லை.

பெற்றோரில் பலர் நூற்பாலைக்கும் தோட்ட வேலைக்கும் செல்பவர்கள். வீட்டில் நாளிதழ்கூட வாங்குவதில்லை. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தோடு பழக்கம் ஏற்பட வேண்டுமானால் அது வகுப்பறையில்தான் ஏற்பட்டாக வேண்டும். பாடவேளைகளைக் குலைக்காமல் நாள்தோறும் செய்யக்கூடியது எதுவென்று, செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நடுநிலைப்பள்ளித் தமிழாசிரியை

வணக்கம் டீச்சர். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் கைகழுவி வந்து அமர்ந்ததும் பதினைந்து நிமிடம், ஒரு நாளும் தவறாமல். கதை சொல்வது வேறு, கதையை வாசித்துக் காட்டுவது வேறு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம் பிள்ளைகள் 'வந்துக்கிட்டிருந்தான்' என்று பேசுகிறார்கள். புத்தகம் 'வந்துகொண்டிருந்தான்' என்கிறது. நாம் கதையைப் பேச்சுமொழியில் மாற்றிச் சொல்லிவிட்டால் கதை போய்ச் சேரும், எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஏறாது. அந்த ஓசை காதுக்குப் பழகாத பிள்ளை தனியாகப் புத்தகத்தைத் திறக்கும்போது, எழுத்துகள் தெரிந்திருந்தும், யாரோ அயலார் பேசுவதைக் கேட்பதுபோல் விலகி நிற்கிறது. எனவே அச்சில் உள்ளது உள்ளபடியே, ஆனால் பேசுகிறவனின் கோபமும் பயமும் குரலில் தெரியும்படி வாசியுங்கள். புத்தகத்தைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பிப் பிடித்து, படம் உள்ள பக்கத்தில் சற்று நிறுத்துங்கள். முன்வரிசையில் உள்ளவர்களே எல்லாவற்றையும் பார்த்துவிடாதபடி அரைவட்டமாக அமர வைப்பது நல்லது.

ஒரே நாளில் முடியாத கதையாகவும் அவ்வப்போது தேர்ந்தெடுங்கள். அடுத்து என்ன ஆகும் என்று தவிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே செல்லுங்கள். யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பார். அந்த ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். நீதி எழுதும் குறிப்பேட்டை இந்தப் பதினைந்து நிமிடத்திலிருந்து முற்றிலும் விலக்கி வையுங்கள். ஒவ்வொரு கதைக்குப் பின்னும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று தெரிந்தால், எழுதச் சலிக்கும் பிள்ளை கதையையே தவிர்க்கும்.

பதில் 2: எண்ணும் எழுத்தும் வகுப்பாசிரியர், தருமபுரி மாவட்டம்

மேலே ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது. 'பெரும்பாலானோர் வாசிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மீதியுள்ளவர்களைப் பற்றியே என் கவலை. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம் தொடங்கியதிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளில் பிள்ளைகளைப் பார்த்துவருகிறேன். வாசிப்பில் விருப்பமில்லை என்று நாம் கருதும் பிள்ளைகளில் பலருக்கு, உண்மையில் வாசிப்பு இன்னும் வலிக்கிறது. 'கொ' என்னும் எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். 'கேட்டுக்கொண்டிருந்தாள்' என்னும் ஒரே சொல்லில் 11 எழுத்துகள். அதன் கடைசிக்கு வருவதற்குள் முதல் பகுதி பிள்ளைக்கு மறந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளையிடம் பக்கம் நிறைய எழுத்துள்ள நூலைத் தந்து, படிக்க ஆசைப்படு என்று சொல்வதில் பொருளில்லை.

வாசிப்பு இயக்க நூல்கள் எளியதிலிருந்து கடினம் நோக்கி நுழை, நட, ஓடு, பற என்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது இதற்காகவே. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக உள்ளன. கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பக்கத்திற்கு ஒன்றிரண்டு வரிகளே உள்ள கதைகளை அதிலிருந்து எடுங்கள்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் 'நுழை' நூலைக் கொடுத்தால், சின்னப் பிள்ளைப் புத்தகம் என்று பக்கத்தில் இருப்பவன் சொல்லிவிடுவான். அதன்பின் அந்த மாணவன் அதைத் தொடமாட்டான். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிற்குச் சென்று, ஆளுக்கு ஒரு தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் அமர்த்தி ஒரு சிறு நூலை வாசித்துக் காட்டுகிறார்கள். அதற்காக வாரம் முழுதும் அந்த நூலைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழக வேண்டியிருக்கிறது. எளிய நூலை எடுப்பதற்கு மதிப்பான ஒரு காரணம் கிடைத்துவிட்டதால் யாரும் கேலி செய்வதில்லை. திக்கித் திக்கி வாசித்த ஒரு மாணவன் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து, "சார், புலிக்கு எந்தக் குரலில் வாசிக்கட்டும்?" என்று கேட்டது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

பதில் 3: ஊர்ப்புற நூலகர்

பீரோவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்துத் தந்த நூலக விதிகளில் முதலாவதே 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பதுதான். அந்த விதி பள்ளியில் மீறப்படுவதற்குக் காரணம் எவருடைய கெட்ட எண்ணமும் அன்று. இருப்புப் பதிவேட்டில் உள்ள நூல் தணிக்கையின்போது இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டுமே என்னும் அச்சம். தலைமையாசிரியரிடம் பேசி, முதலில் ஒரு முப்பது நூல்களை மட்டும் வகுப்பறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவற்றின் பட்டியலைத் தனியாக எழுதிக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டால் அவருக்கும் நிம்மதி.

அந்த முப்பதையும் அடுக்கி வைக்காதீர்கள். குழந்தை நூல்கள் மெல்லியவை. அடுக்கினால் முதுகு கண்ணுக்கே தெரியாது. சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் அட்டை வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். கயிறு, வகுப்பில் மிகவும் குட்டையான பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பாதி நூல்களை மாற்றுங்கள். நூல் வழங்கல் பதிவேட்டை இரண்டு மாணவர்களே பார்த்துக்கொள்ளட்டும்: தேதி, பெயர், நூல், திரும்பிய தேதி. கிழிந்ததை ஒட்ட ஒரு பசைக்குப்பியும் அருகில் இருக்கட்டும். பல கைகள் புரட்டிய நூல் கிழியத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொண்டால் அடுத்த நூல் எடுக்கப்படாது.

பக்கத்தில் ஊர்ப்புற நூலகமோ பகுதிநேர நூலகமோ இருந்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். தங்கள் பெயர் எழுதிய உறுப்பினர் அட்டையைக் கையில் வாங்கும்போது அவர்கள் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதில் 4: தரம் 4 ஆசிரியர், வவுனியா

இலங்கையில் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. பாடசாலைகளில் பேச்சு, கட்டுரை, வாசிப்புப் போட்டிகள் நடக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆயினும் ஏற்கெனவே வாசிக்கிற பிள்ளைகளே பரிசு பெறுகிறார்கள் என்பதையும், நவம்பர் பிறந்ததும் மற்றவர்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் கவனித்து வருகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் (கல்வி உதவித்தொகை) பரீட்சை நெருங்க நெருங்க, கதைப் புத்தகம் வாசிப்பது நேரத்தை வீணாக்குவது என்று பெற்றோரே எண்ணத் தொடங்குவது இன்னொரு துயரம்.

எனவே பரிசு வேண்டாம் என்பதே என் கருத்து. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட சிறுவர்கள், பின்னர் தாமாக வரைவதில் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஈடுபட்டார்கள். வாசிப்புக்கு நட்சத்திரம் ஒட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. பரிசுக்குப் பதிலாக, காலையில் வரவுப் பதிவு முடிந்ததும் விரும்பும் ஒரு பிள்ளை எழுந்து, தான் வாசிக்கும் நூலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். பாதியில் விட்டுவிட்டேன் என்றும் சொல்லலாம். ஆசிரியர் பரிந்துரைக்கும் நூலைவிட, "இதிலே ஒரு பேய் வரும், ஆனால் அது பேய் இல்லை" என்று தோழி சொன்ன நூலுக்கே எங்கள் வகுப்பில் கை நீளுகிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை முதல் மதிய வாசிப்பையும் கயிற்றில் நூல்கள் தொங்கவிடுவதையும் தொடங்குகிறேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடமும் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் தர இசைந்துவிட்டார். ஒரே ஐயம்: குறிப்பேட்டை நிறுத்திவிட்டால், பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர் வாசிப்புக்கான சான்று எங்கே என்று கேட்பாரே?

பதில் 1 எழுதிய ஆசிரியை

நூல் வழங்கல் பதிவேட்டைக் காட்டுங்கள் டீச்சர். யார், எந்த நூலை, எத்தனை நாள் வைத்திருந்தார் என்பது அதில் இருக்கிறது. அதற்கு மேலும் கேட்டால், எந்தப் பிள்ளையிடமாவது கயிற்றிலிருந்து ஒரு நூலை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியே ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் கருதினால், மாதத்திற்கு ஒரு நூல், பிள்ளை தானே தேர்ந்தெடுத்தது, மூன்று வரி என்று குறைத்துக் கேட்டுப் பாருங்கள். நீதி எழுதும் பத்தி மட்டும் வேண்டவே வேண்டாம்.