'கமிட்' என்ற சொல்லுக்கு 'இசைவு': என் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில் 'கமிட்' (ஒரு கல்லூரிக்கு வருவதாகச் சொல்வது), 'டீகமிட்' (அதிலிருந்து பின்வாங்குவது), 'ஃபிளிப்' (ஒன்றை விட்டு உடனே இன்னொன்றுக்கு மாறுவது) மூன்றும் இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை ஆட்டங்களை என் அப்பா பேரனோடு உட்கார்ந்து பார்ப்பார். போன வாரம் அவர் கேட்டார்: "கையெழுத்தே போடலைங்கிறே, அப்புறம் அந்தப் பையன் எப்படிச் சேர்ந்தான்?" நாம் தேடும் சொல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நடைமுறை. கல்லூரி உதவித்தொகையோடு ஓர் அழைப்பு வைக்கிறது. பள்ளி மாணவன் "வருகிறேன்" என்று வாயால் சொல்கிறான். அதுதான் கமிட். அது யாரையும் கட்டுப்படுத்தாது. அவன் மனம் மாறலாம், கல்லூரியும் அழைப்பைத் திரும்பப் பெறலாம். கட்டுப்பாடு பிறப்பது கையொப்பத்தில்தான். 1964 முதல் அதற்கென இருந்த தேசிய விருப்பக் கடிதத்தை 2024 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். இப்போது உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார்கள்.

ஆகவே நம் குழுவில் ஐயா ஒருவர் கமிட்டுக்கு முன்வைத்த 'ஒப்பந்தம்' கையொப்பத்துக்கு உரிய சொல், இதற்கு ஆகாது. 'உறுதி' என்றால் உறுதியில்லாத ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதாகிவிடும்.

'வாக்கு' பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் கடுமையான மறுப்பு உண்டு. தமிழில் வாக்குத் தவறியவன் என்பது பெரிய வசை. பதினாறு, பதினேழு வயதுப் பையன் மேல் அதைச் சுமத்தக் கூடாது. பல நேரம் முதலில் இடம் மாறுவது பயிற்றுநர்தான். 2021 நவம்பர் கடைசியில் பயிற்றுநர் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டுத் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஓக்லஹோமாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) மலாகாய் நெல்சன் சில நாட்களில் அவர் பின்னே போனார். யாரை நம்பி வருகிறேன் என்றாரோ அவரே அங்கே இல்லை. இதில் நெல்சன் வாக்குத் தவறினார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் பரிந்துரை 'இசைவு'. யாரோ கேட்டதற்குத்தான் இசைய முடியும் என்பதால், அழைப்பு முன்பே வந்துவிட்டது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இசைந்தவர் பிறகு மறுத்தால் வருத்தம் வரலாம், பழி வராது. வினையாகவும் எளிதில் வளையும்: இசைந்தார், இசைந்த வீரர். டீகமிட் என்பது 'இசைவு விலக்கம்', ஃபிளிப் என்பது 'இசைவு மாற்றம்'.

குவாட்டர்பேக் டிலன் ரயோலாவின் கதையில் வைத்துச் சோதித்தேன். 2022 மே மாதம் ஓஹாயோ ஸ்டேட்டுக்கு இசைந்தார். டிசம்பரில் இசைவை விலக்கிக்கொண்டார். 2023 மே மாதம் ஜார்ஜியாவுக்கு இசைந்தார். அந்த டிசம்பரில், அவருடைய அப்பா ஆடிய நெப்ராஸ்காவுக்கு இசைவை மாற்றிக்கொண்டார். முதல் தடவை எந்தக் கல்லூரியும் கையில் இல்லாமல் சில மாதங்கள் இருந்தார், அது விலக்கம். இரண்டாம் தடவை ஒன்றை விட்ட கையோடு இன்னொன்று, அது மாற்றம். இரண்டையும் தனித்தனியே சொல்ல முடிகிறது.

கையொப்பத்துக்குப் பிறகு நடப்பது வேறு. குவாட்டர்பேக் ஜூலியன் சாயின் 2023 டிசம்பரில் அலபாமாவுக்குக் கையொப்பமிட்டார். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் தலைமைப் பயிற்றுநர் நிக் சேபன் ஓய்வு அறிவித்தார். தலைமைப் பயிற்றுநர் போனால் வீரர்கள் 30 நாட்களுக்குள் வெளியேறலாம் என்ற விதி அப்போது இருந்தது. சாயின் ஓஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். இதை இசைவு விலக்கம் என்று எழுதினால் பிழை, இது 'இடமாற்றம்'. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதிய 2018 அக்டோபரில் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டலை 'இடமாற்றப் பதிவேடு' என்று முன்பே முடிவு செய்துவிட்டோம்.

'ரைவல்ரி' (இரண்டு அணிகளுக்கு இடையே நெடுங்காலமாகத் தொடரும் போட்டி) பற்றி ஒரு வார்த்தை. 'பங்காளிப் போட்டி' என்ற சொல் அலபாமா–ஆபர்ன் கல்லூரிகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டு 1907க்குப் பிறகு 1948 வரை ஒருவரோடொருவர் ஆடவே இல்லையே! ஆனால் மிச்சிகன்–ஓஹாயோ ஸ்டேட் அப்படி இல்லை. 1969இல் ஓஹாயோ ஸ்டேட் பயிற்றுநர் உடி ஹேஸின் பழைய உதவியாளர் போ ஷெம்பெக்லர் மிச்சிகனுக்குப் பயிற்றுநராக வந்த முதல் ஆண்டிலேயே அவரை 24–12 என்று வென்றார். அது குருவுக்கும் சீடனுக்கும் நடந்த மோதல். பொதுச்சொல்லாக 'பரம்பரைப் போட்டி' போதும் என்று நினைக்கிறேன்.

ஃபிளிப்புக்கு 'தாவல்' என்று எழுதிய தோழிக்கு: சொல் சின்னது, வேகமும் இருக்கிறது, சரி. ஆனால் கட்சித் தாவல் என்று நாளிதழில் படித்துப் பழகிய கண்ணுக்கு அங்கே காசும் பதவியும்தான் தெரியும். அப்பா ஆடிய கல்லூரிக்குப் போகிற பையனுக்கு அது பொருந்தாது. 'மாற்றம்' சற்றே மந்தமாக ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதைவிடச் சுருக்கமாக, பழி ஏறாத சொல் கிடைத்தால் எழுதுங்கள். 'இசைவு', 'இசைவு விலக்கம்' இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாமா?