மறு: 'கன்சோசியேஷனலிசம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கான ஒப்பீட்டு அரசியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இனம், மதம், மொழி என்று பிளவுபட்ட நாட்டில் பெரும்பான்மை மட்டும் ஆளாமல் எல்லாச் சமூகங்களும் சேர்ந்து ஆளும் முறைக்கு ஒரு சொல் வேண்டும். அரசியல் அறிஞர் அரெண்ட் லைப்ஹார்ட் இதற்கு நான்கு கூறுகள் சொல்கிறார்: பெருங்கூட்டணி, விகிதாசாரம், அவரவர் விவகாரங்களில் தன்னாட்சி, பரஸ்பர வீட்டோ (ஒரு சமூகத்தைப் பாதிக்கும் முடிவை அது தடுக்கும் அதிகாரம்). 'அதிகாரப் பகிர்வு' என்று போட்டுவிடலாமா? கோப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாண நண்பர்:
தயவுசெய்து வேண்டாம். எங்களுக்கு அந்தச் சொல் இலங்கை அரசமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம், மாகாண சபை, காணி, பொலிஸ் அதிகாரம். மத்தியிலிருந்து கீழே இறங்குவது. நீங்கள் கேட்பதோ மத்தியிலேயே ஒன்றாக இருந்து ஆளுவது. பெல்ஜியத்தில் இரண்டும் உண்டு. பிராந்தியங்களுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. அதோடு, பிரதமர் நீங்கலாக, மத்திய அமைச்சரவையில் டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்?

புலவர் ஐயா:
லத்தீனில் 'சோசியுஸ்' என்றால் தோழன். தமிழில் 'கேள்', 'கேண்மை' இருக்கின்றன. 'கேண்மையாட்சி' என்க. 'பகு' என்னும் வேரைத் தொடவே வேண்டாம். "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்" என்ற வள்ளுவரே "பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர்", அதாவது பிளவுபடப் பேசி நண்பரைப் பிரிப்பர், என்றும் சொன்னார். பகல், பகுதி, பங்கு, பால் எல்லாம் அந்த வேர்தான். பகையும் அதிலிருந்தே வந்தது என்பது என் துணிபு. பகலைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கல்லூரி ஆசிரியை:
ஐயா, 'கேண்மை'க்கே வகுப்பில் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், லெபனானில் நடப்பது கேண்மை இல்லை. 1943 உடன்பாட்டின்படி குடியரசுத் தலைவர் மரோனைட் கிறித்தவர், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா. நாடாளுமன்ற இடங்கள் கிறித்தவர் ஆறுக்கு முஸ்லிம் ஐந்து. 1989இல் தாயிஃப் ஒப்பந்தம்தான் அதைச் சமமாக்கியது. 1932க்குப் பிறகு அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லை. எண்ணினால் பங்கு கலைந்துவிடும் என்ற பயம். 'பங்காட்சி' என்று வையுங்கள். சொன்னதும் புரியும்.

புலவர் ஐயா:
பங்காட்சி என்றதும் பங்காளிச் சண்டை நினைவுக்கு வராதா?

கல்லூரி ஆசிரியை:
வரட்டும் ஐயா. ஒரே சொத்து, விட்டுப் போகவும் முடியாது, ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் விற்கவும் முடியாது. வீட்டோவை மாணவருக்கு இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாண நண்பர்:
'பங்கு' எனக்கும் சரி, வேறொரு காரணத்துக்காக. பங்கு என்றவுடன் யாருக்குப் பங்கில்லை என்ற கேள்வி வரும். போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தப்படி பொஸ்னியாவின் தலைமைப் பீடத்தில் மூவர்: ஒரு பொஸ்னியாக் (பொஸ்னிய முஸ்லிம்), ஒரு குரொவாட், ஒரு செர்பியர். மீதிப் பேருக்கு அரசமைப்பு வைத்த பெயர் 'மற்றவர்கள்'. டெர்வோ செய்டிச் ரோமா இனத்தவர், யாக்கோப் ஃபின்சி யூதர். இருவரும் அந்தப் பதவிக்குப் போட்டியிட முடியாது. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது. 'கேண்மையாட்சி' என்று எழுதினால் அந்த இருவரும் கண்ணில் படமாட்டார்கள். முன்னால் 'சமூக' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பங்கு குடிமகனுக்கு இல்லை, சமூகத்துக்கு என்பது தெரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்போது 'சமூகப் பங்காட்சி' என்று போடுகிறேன். தனி மடலில் எழுதியவர்களிலும் பலர் இதற்கு ஒப்புகிறார்கள். 'இணக்க மக்களாட்சி' கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். இணக்கம் இருந்திருந்தால் இத்தனை விதிகள் தேவைப்பட்டிருக்காது.

புலவர் ஐயா:
என் மறுப்பு நிற்கிறது. ஆட்சிமுறைக்குப் பெயர் வைக்கும்போது அது எதை நாடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும், எதில் முடிந்தது என்பதை அல்ல. 'வீட்டோ'வையாவது 'தடுப்பதிகாரம்' என்று மாற்றுங்கள். பகல் பற்றிய மடல் நாளை வரும்.